பாயிண்ட்டில் வைத்த பொட்டு

போன மாதம் கோவில்பத்துப் பால் பூத் வாசலில் நான் அடித்த கூத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு வாய் வழியாக வந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

பால் வாங்கிக்கொண்டு வந்து ஸ்கூட்டர் பட்டனை அழுத்தினேன். உயிர் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். வரவில்லை. பக்கத்தில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு நாக்கு நிற்காது. வங்கியில் முப்பது வருடம் குப்பை கொட்டிய காலத்திலும் அதுதான் என் வியாதி. "பெட்ரோல் இருக்கு. அப்ப கரண்ட்தான் வரல" என்று ஆரம்பித்தேன். காயில் என்றேன். பிளக் என்றேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவையோடு ரோட்டில் மண்டியிட்டு வண்டியின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பூத்துக்காரரிடம் ஒரு பல்பும் இரண்டு துண்டு ஒயரும் கேட்டேன். அவர் மரியாதைக்காகத் தேடுகிற மாதிரி நடித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒரு பெண், காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து, செருப்பு நுனியால் எதையோ தட்டினாள்.

"சைடு ஸ்டாண்டு போட்ருக்கீங்க ஆன்ட்டி. புது வண்டியெல்லாம் ஸ்டாண்டு எடுத்தாத்தான் ஸ்டார்ட் ஆவும். இப்ப அழுத்துங்க."

அழுத்தினேன். வண்டி பூனை மாதிரி முனகிக்கொண்டு எழுந்தது. கூட்டம் சிரிக்காமல் கலைந்தது. அதுதான் அதிகம் வலித்தது. அந்தப் பெண் ஆறுதலாக ஒன்று சொன்னாள்: "ஆனா ஆன்ட்டி, செம டெக்னிக்கலா பேசுனீங்க. எங்க படிச்சீங்க?"

எங்கே படித்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் வயதுக்காரர்கள் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். நமக்கெல்லாம் இப்போது பொறுமையைத் தவிர வேறு என்ன வேலை.

எங்கள் வீடு அப்போது கோட்டுச்சேரியில், மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. வீட்டுக்கு எதிரே பஸ் நிற்கும். பக்கவாட்டில் இருந்த மண் திடலில் எங்கள் லாரி நிற்கும். பட்டாளத்தில் கழித்துக் கட்டி ஏலத்துக்கு வந்ததை அப்பா வாங்கி, மரப் பலகையில் பாடி கட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். அது பெட்ரோல் லாரி. அந்தக் காலத்திலேயே சுற்றுவட்டாரத்தில் எல்லா லாரியும் டீசலுக்கு மாறிவிட்டன. எங்களுடையது மட்டும் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தைவிட யூனியன் பிரதேசமான எங்கள் காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு என்பது அப்பாவின் வாதம். லாரி குடித்த வேகத்துக்கு அந்த வாதம் செல்லுபடியாகாது என்பது டிரைவரின் வாதம்.

டிரைவர் என்றால் எங்களுக்கு அவர் ஒருவர்தான். நான் பிறப்பதற்கு முன்பே லாரியோடு சேர்ந்தவர். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் போட மாட்டார். பீடி குடிப்பார், லாரிக்குப் பத்தடி தள்ளி நின்று மட்டும் குடிப்பார். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னைப் பாப்பா என்பார். லாரியையும் "இவ" என்றுதான் சொல்வார் என்பதால், எங்கள் இருவரில் யாரைத் திட்டுகிறார் என்பது சில நேரம் எனக்கே குழம்பும்.

ஐந்தாம் வகுப்புப் படித்த வருடத்துப் புரட்டாசி அது. காலாண்டு விடுமுறை முழுக்க நான் அந்த லாரியின் பம்பர் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் வேறு பிள்ளை இல்லை. புத்தகங்களை மூன்று தடவை படித்து முடித்திருந்தேன். பானெட்டைத் திறந்தால் வரும் வாசனை இன்னும் எனக்குள் இருக்கிறது. பெட்ரோல், சூடான ரப்பர், எப்போதோ சிந்திக் கருகிய எண்ணெய், இடுக்கில் சிக்கிய நெல் உமி எல்லாம் கலந்த வாசனை. சொர்க்கம் என்று ஒன்று இருந்து, அங்கே இந்த வாசனை இல்லையென்றால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

அவர்தான் காட்டிக் கொடுத்தார். "வண்டி ஓட ரெண்டு சமாச்சாரம் வேணும் பாப்பா. ஒண்ணு பெட்ரோலு. இன்னொண்ணு நெருப்பு. பெட்ரோலக் கண்ணால பாத்துரலாம். நெருப்பத்தான் தேடணும்."

இஞ்சினின் பக்கத்தில் கறுப்பு மூடி போட்ட ஒரு சாமான் இருந்தது. மூடியின் தலையிலிருந்து ஏழு ஒயர்கள் கிளம்பும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. கவிழ்த்துப் போட்ட கருநண்டு மாதிரி இருக்கும். மெக்கானிக்குகள் அதை டெல்கோ என்பார்கள். காயில் அனுப்புகிற கரண்டை ஆறு பிளக்குக்கும் முறை வைத்துப் பங்கு போடுவது அதன் வேலை. இரண்டு பக்கமும் இருந்த கிளிப்பைத் தள்ளி, மூடியைத் தூக்கி, உள்ளே சுழலும் ரோட்டரையும் எடுத்துவிட்டு அவர் ஓர் இடத்தைக் காட்டினார். இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், எதிரும் புதிருமாக. பச்சைப் பயறில் பாதிகூட இருக்காது.

"இதான் பாயிண்ட்டு. இவளோட உசுரு இங்கதான் இருக்கு. இது ரெண்டும் தொட்டுத் தொட்டுப் பிரியணும். தொட்டுக்கிட்டே இருந்தாலும் நெருப்பு வராது, தொடாமயே இருந்தாலும் வராது. தொட்டுப் பிரியிற அந்த நேரத்துலதான் நெருப்பு."

பிற்காலத்தில் கல்யாணம், நட்பு, கடவுள் பற்றியெல்லாம் தடித்தடியாக நிறையப் படித்தேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு பல்பு இருந்தது. பழைய பின்விளக்கிலிருந்து கழற்றியது. அதற்கு இரண்டு ஒயர்களைப் பற்ற வைத்து, தீப்பெட்டிக்குள் பஞ்சு விரித்து, அதில் படுக்க வைத்திருப்பார். லாரி மக்கர் செய்தால் தீப்பெட்டி வெளியே வரும். காயிலிலிருந்து டெல்கோவுக்குப் போகிற முனையில் ஒரு ஒயரை வைத்து, மற்றதை லாரியின் உடம்பில் தொடுவார். முன்னால் ஒருவர் ஹேண்டில் போட்டு இஞ்சினைச் சுற்றினால் பல்பு அணைந்து அணைந்து எரியும். "பாரு, பாயிண்ட்டு கண்ண மூடி மூடித் தொறக்குது. இவ நல்லாருக்கா" என்பார்.

அந்த வருடம் குறுவை நெல் அறுத்துக் களத்தில் கிடந்தது. வானம் ஒரு வாரமாகவே ஒரு மாதிரி இருந்தது. ஆயுத பூஜை முடிந்து மறுநாள் விஜயதசமி. அன்று காலை நல்ல நேரத்தில் வண்டியை எடுத்து, முதல் நடையாக எங்கள் நெல்லை ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஏற்பாடு. பூஜைக்கு நாலு நாள் முன்னால் டிரைவர் அப்பாவிடம் ஒன்று சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"நாகப்பட்டினத்துல ஒரு டீசல் வண்டி வெலைக்கு வருதாம் மொதலாளி. இவளக் குடுத்துட்டு அத எடுத்துருவோமா? இவளுக்கு வயசாயிருச்சு."

"வயசு எனக்குந்தான் ஆவுது. என்னையும் குடுத்துடுவியா?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்.

ஆயுத பூஜையன்று லாரியை வாய்க்கால் தண்ணீரில் குளிப்பாட்டி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டார்கள். டிரைவர் கிண்ணத்தில் சந்தனம் கரைத்து எல்லா இடத்துக்கும் பொட்டு வைத்தார். ஸ்டியரிங், முன்விளக்கு, ரேடியேட்டர், பாட்டரி, காயில், ஹேண்டில், ஜாக்கி, ஸ்பேனர்கள் ஒவ்வொன்றும். சந்தனத்தின் மேல் குங்குமம். நான் பின்னாலேயே குங்குமச் சிமிழோடு நடந்தேன். அப்பா பூசணிக்காய் உடைத்தார். நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மறுநாள் வண்டி நகரும்போது அவை நசுங்க வேண்டும், அதுதான் முறை. பிறகு எல்லோரும் சுண்டலுக்காக வீட்டுக்குள் போனார்கள்.

நான் போகவில்லை. எனக்கு ஒரு குறை இருந்தது. ஜாக்கிக்கெல்லாம் பொட்டு வைத்த மனிதர், உயிர் இருக்கிற இடத்தை விட்டுவிட்டாரே.

பானெட் திறந்தேதான் இருந்தது. பம்பர் மேல் ஏறினேன். கிளிப்பைத் தள்ளினேன், மூடியைத் தூக்கினேன், ரோட்டரை எடுத்தேன். எல்லாம் அவர் காட்டியபடி. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி வைத்திருந்தேன். அதன் நுனியில் சந்தனத்தைத் தொட்டு, பிரிந்திருந்த இரண்டு பொட்டுக்கும் நடுவில் இன்னொரு பொட்டு வைத்தேன். மேலே துளிக் குங்குமம். கை கூப்பினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்றுகூட நினைவிருக்கிறது: இவளை விற்றுவிடக் கூடாது. மறுபடி ரோட்டர், மூடி, கிளிப். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் செய்த வேலை வேறு எதுவுமில்லை.

வீட்டுக்குள் போனதும் அம்மா என் விரல்களைப் பார்த்தாள். "என்னடி இது மை? சுண்டல் திங்கிற கையா இது?" என்று மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். நகக் கண்ணில் மஞ்சளும் சிவப்பும் இருந்தன. அதற்கு அவள் எதுவும் கேட்கவில்லை. பூஜை நாளில் எந்தக் கையில்தான் இல்லை.

விஜயதசமி காலை தூறலோடு விடிந்தது. டிரைவர் குளித்துவிட்டுத் திருநீறோடு வந்து, லாரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். செல்ஃப் சுற்றியது, பிடிக்கவில்லை. இறங்கி ஹேண்டில் போட்டார். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா வாசலுக்கும் திடலுக்குமாக நடந்தார்.

பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பார்த்தார். பெட்ரோல் வருகிறது. பிளக் ஒயரைப் பிடுங்கி, இஞ்சின் இரும்பிலிருந்து ஒரு நூல் இடைவெளியில் பிடித்துச் சுற்றச் சொன்னார். நீலமாக ஒரு பொறி தாவ வேண்டும். தாவவில்லை. டெல்கோ மூடியின் நடு ஒயரைப் பிடுங்கி அதையே செய்தார். அதிலும் இல்லை.

"ஈரமா இருக்கும் மொதலாளி. குளிப்பாட்டுனதுல தண்ணி எறங்கிருச்சு."

மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தார். தூறல் உள்ளே விழக்கூடாது என்று அவசரமாக மாட்டிவிட்டார். ஆறு பிளக்கையும் கழற்றிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அம்மா, தோசைக்கல்லு காயுதுங்களா?" அம்மா தோசையை எடுத்துவிட்டு ஆறு பிளக்கையும் வட்டமாக அடுக்கினாள். ஒவ்வொன்றாகத் திருப்பியும் விட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டுத் தோசை எல்லாவற்றிலும் லேசாகப் பெட்ரோல் வாசனை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சூட்டோடு மாட்டினார்கள். பிடிக்கவில்லை. டிரைவர் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். பல்பைப் பொருத்தப் போன நேரத்தில்தான் அப்பாவின் பொறுமை அறுந்தது.

"போதும். கைய எடு."

"ஒரு நிமிசம் மொதலாளி. பல்பப் போட்டுப் பாத்துட்டா..."

"நீ பாத்தது போதும். பன்னெண்டு வருசமா ஓடுன வண்டி, டீசலு வாங்கலாம்னு நீ சொன்ன வாரத்துலதான் நிக்கிதா?"

டிரைவர் சிரிக்க முயன்றார். கேலி என்று நினைத்துவிட்டார். "என்ன மொதலாளி இப்படிக் கேக்குறீங்க? நான் பெத்த புள்ள மாதிரிங்க இவ."

"பெத்த புள்ளையத்தான் வித்துரலாம்னியா?"

அவர் ஒயரைச் சுற்றி, பல்பைத் தீப்பெட்டிக்குள் வைத்து, தீப்பெட்டியை மழை படாத இடுக்காகப் பார்த்து லாரியின் படியில் வைத்தார். தூறல் மழையானது.

திருநள்ளாறு ரோட்டு மெக்கானிக் பாய்க்கு ஆள் அனுப்பினார்கள். பாய் வேறு ஊரில் ஒரு வேலையில் இருந்தார். வர மூன்று நாள் ஆனது. மழை மூன்று நாளும் நிற்கவில்லை. டிரைவர் தினமும் காலை பஸ்ஸில் வந்து வேலிப் படலுக்கு வெளியே குடையோடு நிற்பார். அப்பா உள்ளே கூப்பிடவில்லை. களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நெல் சூடேறியது. மூன்றாம் நாள் அப்பா ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டினார். ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு முளை. சக்கரங்களுக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழமும் நசுங்காமல் அப்படியே இருந்தன, அழுக ஆரம்பித்து.

நீங்கள் கேட்பீர்கள்: உனக்குத் தெரியாதா என்று. முதல் நாள் நிஜமாகவே தெரியாது. சாமி பொட்டு வைத்தால் வண்டி நன்றாக ஓடும் என்றுதான் எனக்குத் தெரியும். இரண்டாம் நாள் சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் ஜுரம் வந்தது. ஜுரத்தை எல்லோரும் மழையின் கணக்கில் எழுதினார்கள்.

பாய் நாலாம் நாள் வந்தார். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "அல்லா பாத்துக்குவான், பயப்படாதீங்க மொதலாளி" என்றபடி பானெட்டுக்குள் தலையை விட்டார். படியிலிருந்த தீப்பெட்டியைத் திறந்து பார்த்தவர், "அட, இது நம்ம ஆளு பல்புல்ல? அவன் எங்க?" என்றார். வேலிக்கு வெளியே நின்ற டிரைவரைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை.

பல்பைப் பொருத்தி ஹேண்டில் போடச் சொன்னார். பல்பு எரிந்தது. அணையவே இல்லை. அணைந்து அணைந்து எரிய வேண்டியது, விடாமல் எரிந்துகொண்டே இருந்தது. ஒரு பல்பு பிரகாசமாக எரிவதைப் பார்த்து நான் நடை வாசலுக்குப் பின்வாங்கினேன்.

"பாயிண்ட்டு தொடல" என்றார் பாய். மூடியைத் திறந்தார், ரோட்டரை எடுத்தார், ஸ்குரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு பொட்டுகளைப் பிரித்துச் சுரண்டினார். நுனியில் வந்ததை உள்ளங்கையில் தட்டி மோந்து பார்த்தார்.

"சந்தனம்! குங்குமமும் இருக்கு. சந்தனம் காஞ்சு ஏடு கட்டிருச்சு, அதத் தாண்டி எப்படிக் கரண்ட்டு போவும்? பாயிண்ட்டுக்குப் பூசை போட்ட புண்ணியவான் யாருங்க?"

பாய் வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பா டிரைவரை உள்ளே கூப்பிட்டார். அவர் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சினுக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நாந்தான் மொதலாளி."

"இது என்னது?"

டிரைவர் பாயின் உள்ளங்கையைப் பார்த்தார். மஞ்சளும் சிவப்புமாக ஒரு துளி. பிறகு பம்பரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நடை வாசலில், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் என்னை நிறைய நேரம் பார்த்தார் என்று என் நினைவு சொல்கிறது. நினைவு எதையும் கொஞ்சம் இழுக்கும். இரண்டு விநாடி இருந்திருக்கலாம்.

"நாந்தான் வச்சேன் மொதலாளி" என்றார்.

அப்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஜொரத்தோட மழையில நிக்காத. உள்ள வா." வளையல் அழுந்த இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து முழுக்கப் பொய்.

கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாய் பாயிண்ட்டை உப்புத்தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். லாரி ஒரே சுற்றில் பிடித்தது. டிரைவரிடம் இருந்த இன்னொரு சாவிக்கு அப்பா கை நீட்டினார். டிரைவர் கொடுத்துவிட்டு ரோட்டைக் கடந்து போய் பஸ்ஸுக்கு நின்றார். முதல் பஸ் வந்தது. சரியான கூட்டம், ஏறவில்லை. இரண்டாவது பஸ் காலியாகத்தான் வந்தது. அதிலும் ஏறவில்லை. மழை விடட்டும் என்று நிற்கிறார் போல என்று நினைத்தேன். மூன்றாவது பஸ் வந்தபோது மழை இன்னும் பலமாக இருந்தது. அதில் ஏறிப் போனார்.

தீப்பெட்டி லாரிப் படியிலேயே இருந்தது. நான் எடுத்து என் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டேன். பிறகு எந்த வீடு மாறியபோது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

காரைக்கால் சின்ன ஊர். லாரி வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோரிடமும் அப்பா ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "வண்டியில வேல வைக்கிற ஆளு." அதற்குப் பிறகு டிரைவருக்கு யாரும் ஸ்டியரிங் கொடுக்கவில்லை. மனைவியின் ஊரான காரைக்கால்மேட்டுக்குப் போனார். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஐஸ் பார் இழுத்தார், முப்பது வருடத்துக்கு மேல். லாரியும் நீண்ட நாள் இருக்கவில்லை. புது டிரைவருக்கு அது பிடி கொடுக்கவில்லை. மறு வருடமே காயலான் கடைக்காரன் வெட்டி எடுத்துப் போனான். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

அப்பா சாகும்வரை அவரைப் பற்றி ஒரே தீர்ப்புதான் வைத்திருந்தார். "தொழில்ல அவன அடிச்சுக்க ஆளில்ல. மனசுதான் கோணல்." அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா ஏதாவது ஒரு காயை நறுக்கிக்கொண்டிருப்பாள். நறுக்குவது நிற்காது. நான் ஏதாவது ஒரு புத்தகத்தில் இருப்பேன், பக்கம் திரும்பாது.

ஒரு தடவை அவரைப் பார்த்தேன். வங்கியில் சேர்ந்த புதிது, கூட வேலை செய்தவர்களோடு மீன் வாங்கப் போயிருந்தேன். ஈரச் சாக்குப் போர்த்திய ஐஸ் வண்டியைக் குனிந்து இழுத்துக்கொண்டு வந்தார். அதே காக்கிச் சட்டையா வேறா தெரியாது. மேல் பொத்தான் போடவில்லை. நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். மழை இல்லை, வெயிலும் இல்லை. அந்த வருடம்தான் மனசாட்சி பற்றி ஊர் நூலகத்தில் நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டு வாங்கினேன்.

அவரைப் பற்றி எனக்கு நானே எப்படிச் சொல்லிக்கொண்டேன் என்றால்: அவர் பெரிய மனிதர், ஒரு குழந்தையைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொண்டார். இப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி இருந்தது. தியாகம் செய்தவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

பால் பூத் சம்பவத்துக்குப் பிறகு பத்து நாள் தூங்கவில்லை. பதினோராம் நாள் சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, அதைக் குனிந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு, காரைக்கால்மேட்டுக்குப் போனேன். கோவில்பத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு நாற்பத்தைந்து வருடம் ஆனது. ஸ்கூட்டருக்குப் பதினைந்து நிமிடம்.

ஆஸ்பெஸ்டாஸ் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் ஐஸில் ஊறி ஊறி வளைந்து, எதையோ பிடித்தபடியே நின்றுவிட்டிருந்தன. ஒரு காது கேட்காது என்று அவர் மனைவி சொன்னார். நல்ல காதின் பக்கம் குனிந்து, "கோட்டுச்சேரி லாரிக்காரர் வீட்டுப் பொண்ணு" என்றேன்.

"பாப்பாவா?" என்று ஏற இறங்கப் பார்த்தார். "நரச்சுப்போயிட்டியே."

டீ வந்தது. மனப்பாடம் செய்துகொண்டு போன பேச்சை ஆரம்பித்தேன். முதல் வாக்கியத்திலேயே இலக்கணம் கழன்றுவிட்டது. "மாமா, அந்தப் பாயிண்ட்டுல பொட்டு வச்சது நானு."

"தெரியுமே."

"தெரியுமா?"

"பம்பரு மேல ஈர்க்குச்சி கெடந்துச்சுல்ல. மழையிலயும் நுனியில சந்தனக் கறை போகல. அந்த எடத்த ஒனக்குத் தவிர நான் யாருக்குக் காட்டுனேன்?"

"அப்புறம் ஏன் மாமா நீங்க வச்சேன்னு சொன்னீங்க?"

அவர் டீயை ஆற்றினார். கோபம் எதுவும் இல்லை. நேற்று எந்தச் சாமான் எங்கே வைத்தேன் என்று யோசிக்கிற முகம்.

"நாந்தான்னு நான் சொன்னா, 'இல்லப்பா, நானு'ன்னு நீ ஓடியாந்துருவேன்னு நெனச்சேன். புள்ளைங்க அப்புடித்தான் வரும். மொதலாளி ஒன்ன ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாரு பாப்பா. சிரிச்சிருப்பாரு. ஊரு பூராச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார்.

"பஸ்ஸு ஸ்டாப்புல நின்னேன். வூட்டுக்குள்ளயாவது போயிச் சொல்லுவே, மொதலாளி கூப்புடுவாருன்னு. ரெண்டு பஸ்ஸ விட்டேன்."

அவர் மனைவி கதவில் சாய்ந்து நின்றிருந்தார். "ரெண்டு பஸ்ஸ விட்டேன், ரெண்டு பஸ்ஸ விட்டேன்னு காலமெல்லாம் சொல்லிக்கிட்டுக் கெடப்பாரு. எந்த பஸ்ஸுன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு" என்றார். "இன்னிக்கித்தான் தெரியுது."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவர் கேட்டார்: "அந்தப் பல்பு இருக்கா?"

"தொலைஞ்சுபோச்சு மாமா."

"ம்" என்றார். "நல்ல பல்பு."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறாள். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஈர்க்குச்சி முதல் பஸ் வரை. நடுவில் அழவும் செய்தேன். அம்மா ஒரு இடத்திலும் ஆச்சரியப்படவில்லை. "அன்னிக்கி என் கையப் புடிச்சு இழுத்தியேம்மா, உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன். அவள் உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். வெங்காயம் மூன்று உரிந்தன.

கடைசியில் நிமிர்ந்து கேட்டாள்:

"அது கெடக்கட்டும். அம்மாம் வருசம் கழிச்சு அந்த மனுசனப் பாக்கப் போனவ, ஒரு சீப்பு பழங்கூட வாங்காம வெறுங்கையவா வீசிக்கிட்டுப் போனே?"